புதிதாகப் பூட்டிய கம்பியூட்டர் ஓன் ஆகவில்லை, பவர் சப்ளை செத்துப் போச்சு

ஒக்டோபர் 17, இரவு 9.40

நேரே விஷயத்துக்கு வருகிறேன். இன்று பின்னேரம் பூட்டி முடித்த கம்பியூட்டர் ஓன் ஆகவில்லை. பட்டனை அழுத்தினால் ஃபேனில் ஒரு துடிப்புக்கூட இல்லை, பீப் இல்லை, எரிந்த மணமும் இல்லை. பவர் சப்ளை செத்தே வந்திருக்கிறது என்பது என் முடிவு. இல்லை என்பவர்கள் கீழே உள்ளதை வாசித்துவிட்டுச் சொல்லுங்கள்.

சாமான்கள் இவை: ரைசன் 5 5600ஜி சிபியூ, பி550 மைக்ரோ ஏ.டி.எக்ஸ் மதர்போர்ட் (கீழே போர்ட் என்பது இதுதான்), 8 ஜிபி ராம் இரண்டு, 500 ஜிபி எஸ்.எஸ்.டி, 650 வாட் பவர் சப்ளை. எல்லாம் கொழும்பு பம்பலப்பிட்டியில் வாங்கி, இரவு பஸ்ஸில் பிள்ளையைப் போல மடியில் வைத்து மட்டக்களப்புக் கல்லடிக்குக் கொண்டுவந்தது. கேசிங் மட்டும் பழையது. செங்கலடியில் பெரியப்பா வீட்டு ஸ்டோர் ரூமில் சும்மா கிடந்தது. புதுக் கேசிங்கின் விலையைக் கேட்ட பிறகு அது என் கண்ணுக்கு நல்ல வடிவாகத் தெரிந்தது.

போன வருடம் ஐப்பசி இடியில் பழைய மெஷினும் ரவுட்டரும் ஒரே நேரத்தில் போயின. அன்றிலிருந்து மச்சானின் லப்டொப்பில்தான் கல்யாண வீடியோ வெட்டுகிறேன். ஒரு கல்யாண வீட்டுக்காரர் தினமும் கோல் எடுக்கிறார். பொம்பிளை வீட்டார் வேறு, மாப்பிள்ளை வீட்டார் வேறு.

பேப்பர் கிளிப் வைத்தும் பார்த்துவிட்டேன். தெரியாதவர்களுக்கு: 24 பின் கொனெக்டரைப் போர்டிலிருந்து கழற்றி, அதில் பச்சை வயரையும் பக்கத்துக் கறுப்பு வயரையும் ஒரு கம்பியால் இணைத்தால், போர்ட் இல்லாமலே பவர் சப்ளை ஓட வேண்டும். போர்டில் நாம் பட்டனை அழுத்தும்போது நடப்பதும் இதுதான், பச்சை வயரைப் போர்ட் பூச்சிய வோல்டுக்கு இழுக்கிறது. என்னுடையதில் எல்லா வயரும் கறுப்பு, ஆகவே படத்தைப் பார்த்து 16ஆம் 17ஆம் பின்னை எண்ணிப் பிடித்தேன். மூன்று தரம் வைத்தும் ஃபேன் சுற்றவில்லை. வேறு என்ன சாட்சி வேண்டும்?

கேள்வி இதுதான். நேரே போகாமல், பஸ் பார்சலில் அனுப்பி வரண்டியில் மாற்றிய அனுபவம் யாருக்காவது உண்டா? பதினைந்து வருடமாகப் பூட்டுகிறேன். ஆகவே பின்னால் உள்ள சுவிட்சைப் போட்டீரா, பிளக்கைக் குத்தினீரா என்று தயவுசெய்து யாரும் கேட்க வேண்டாம்.

ஒக்டோபர் 17, இரவு 10.05

இருவர் கேட்டுவிட்டார்கள். போட்டேன். குத்தினேன்.

13 அம்பியர் பிளக்குக்குள் சின்ன ஃபியூஸ் ஒன்று இருக்கிறது, அது போயிருக்கலாம் என்று எழுதிய அண்ணனுக்கு நன்றி. அது நல்ல கேள்வி, பலர் அதை மறந்துவிடுவார்கள். மொனிட்டர் வயரும் பவர் சப்ளை வயரும் ஒரே மாதிரித்தான், மாற்றிக் குத்திப் பார்த்தேன். அதே வயரில் மொனிட்டர் எரிகிறது. போர்டின் ஓரத்தில் ஒரு சின்ன லைட்டும் எரிந்துகொண்டுதான் இருக்கிறது. ஆகவே சுவரில் பிழை இல்லை.

ஒக்டோபர் 18, காலை 6.20

இரவு முழுக்கக் கல்முனையிலிருந்து ஒரு அண்ணன் எழுதிய ஒற்றை வரி மண்டைக்குள் நின்றது. "தம்பி, லைட் எரியுது எண்டு நீங்களே சொல்றீங்க, மறுகா பவர் சப்ளை செத்தது எண்டும் நீங்களே சொல்றீங்க."

அவர் சொல்வது சரி. பட்டனை அழுத்தாமலே போர்டுக்கு வருகிற கரண்ட் ஒன்று உண்டு. ஊதா வயர், 5 வோல்ட், ஸ்டாண்ட்பை. லைட் எரிகிறது என்றால் ஊதா வயரில் உயிர் இருக்கிறது, முற்றாகச் செத்த பவர் சப்ளையில் அது எரியாது. ஆனால் ஸ்டாண்ட்பை இருந்தும் 12 வோல்ட் பக்கம் செத்துப் போகலாம். ஆகவே நான் பாதிதான் பிழை.

(திருத்தம், பிறகு சேர்த்தது: முழுதாகவே பிழை. கீழே பாருங்கள்.)

ஒக்டோபர் 18, காலை 9.15

பவர் சப்ளை வந்த பெட்டியைக் குப்பைக்குப் போட முன் இன்னொருமுறை பார்த்தேன். பக்கவாட்டில், எறும்பு அளவு எழுத்தில் எழுதியிருக்கிறார்கள், லோட், அதாவது இழுக்கிற கரண்ட், குறைவாக இருக்கும்போது ஃபேன் சுற்றாது என்று. அதாவது சும்மா கிளிப் வைத்தால் அது சுற்றவே சுற்றாது. சூடு ஏறினால்தான் சுற்றும். நான் மூன்று தரம் வைத்ததும் மூன்று தரமும் அது ஓடியிருக்கிறது, சத்தமில்லாமல். நான் பழகியதெல்லாம் ஓன் ஆனவுடன் கிரைண்டர் மாதிரிக் கத்தும் பவர் சப்ளைகள்.

சந்தேகம் தீர, முன் ஒழுங்கையில் டிவி ரிப்பேர் செய்யும் அண்ணனிடம் தூக்கிக்கொண்டு போனேன். லோடுக்கு ஒரு பழைய டிவிடி டிரைவைக் கொழுவி மல்டிமீட்டர் பிடித்தார். 12 வோல்டில் 12.08, 5 வோல்டில் 5.03, 3.3இல் 3.34. ஐந்து வீதம் கூடிக் குறையலாம் என்பது விதி. அதாவது 12 வோல்ட் 11.4க்கும் 12.6க்கும் இடையில் நின்றால் போதும். இது நடுச் சென்டரில் நிற்கிறது.

"இது நல்ல சாமான், தம்பி. இத எவன் செத்தது எண்டது?"

நான்தான் என்று சொல்லவில்லை.

தலைப்பை மாற்றப் போவதில்லை. இருக்கட்டும், தண்டனை.

அந்த அண்ணன் சொன்ன ஒரு விஷயத்தைப் பொதுவாக எழுதிவிடுகிறேன். கிளிப் வைத்து ஓடினால் "உயிர் இருக்கிறது" என்றுதான் அர்த்தம், "நல்லது" என்று அர்த்தமில்லை. லோட் ஏறும்போது விழுகிற பவர் சப்ளைகள் உண்டு. அப்புறம், என்ன ஆனாலும் பவர் சப்ளையின் மூடியைக் கழற்றாதீர்கள். நம் 230 வோல்ட் உள்ளே போய் 300க்கு மேலே டிசியாக நிற்கும், பிளக்கைக் கழற்றிய பிறகும் பெரிய கப்பாசிட்டரில் கொஞ்ச நேரம் இருக்கும். அது சொல்லிவிட்டு அடிக்காது.

ஒக்டோபர் 18, காலை 10.30

பவர் சப்ளைக் கதை வந்ததால் ஒரு பழைய கதை. சுனாமிக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் ஒரு படிப்பகத்துக்கு வெளிநாட்டிலிருந்து நன்கொடைக் கம்பியூட்டர்கள் வந்தன. நான் அப்போது பள்ளிக்கூடப் பொடியன், எனக்குத்தான் எல்லாம் தெரியும் என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். பின்னால் சிவப்பாக ஒரு சின்ன சுவிட்ச், 115 என்று இருந்தது. அது என்ன என்று எனக்குத் தெரியாது. குத்தினேன். அப்படி ஒரு வெடிச் சத்தம். அந்த நாளில் கல்லடியில் வெடிச் சத்தம் கேட்டால் ஆட்கள் என்ன செய்வார்கள் என்று இங்குள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பக்கத்து வீட்டு ஆச்சி நிலத்தில் படுத்துவிட்டார். 115இல் வைத்து 230 கொடுத்தால் உள்ளே வோல்ட் இரட்டிப்பாகிக் கப்பாசிட்டர் வெடிக்கும் என்று பிறகு படித்தேன். இப்போது வருகிறவற்றில் அந்த சுவிட்ச் பெரும்பாலும் இல்லை. இருந்தால் முதலில் அதைப் பாருங்கள்.

ஒக்டோபர் 18, பகல் 1.10

"சிபியூ பவர் கொழுவினீரா?" ஓம். 4+4, போர்டின் மேல் இடது மூலையில். வி.ஜி.ஏ கார்டுக்குப் போகிற 6+2 வயரை அங்கே திணித்தீரா? இல்லை. இரண்டும் எட்டுப் பின், பார்த்தால் அண்ணன் தம்பி, ஆனால் ஓட்டைகளின் மூலை வெட்டு வேறு. பலம் கொடுத்தால்தான் போகும் என்றால் அது போகக் கூடாத இடம்.

அது கொழுவாவிட்டாலும் பொதுவாக ஃபேன் சுற்றும், படம் மட்டும் வராது. எனக்கு ஃபேனே சுற்றவில்லை. ஆகவே அது இல்லை.

ராம்? இரண்டாம் நான்காம் ஸ்லொட், சிபியூவிலிருந்து எண்ணினால். ராம் பிழை என்றாலும் ஃபேன் சுற்றும்.

பயோஸ், அதாவது ஓன் ஆனவுடன் போர்டை எழுப்புகிற மென்பொருள், பழையதோ? பி450 என்றால் அந்தப் பயம் நியாயம், அது 2018இல் வந்த போர்ட், 5000 வரிசை சிபியூவை அப்டேட் செய்யாமல் அதற்குத் தெரியாது. என்னுடையது பி550. அதோடு, அதற்கும் ஃபேன் சுற்றும்.

ஃபேன் சுற்றவேயில்லை என்றால் அது வேறு வருத்தம் என்பதை நானும் இதை எழுதும்போதுதான் ஒழுங்காக யோசிக்கிறேன். கரண்ட் வரவில்லை, அல்லது ஷொர்ட் ஆகிறது, அல்லது "ஓடு" என்ற செய்தியே போர்டுக்குப் போய்ச் சேரவில்லை. முதலாவது இல்லை. இரண்டாவதாகத்தான் இருக்க வேண்டும்.

(பின்னால் வருகிறவர்களுக்கு: மூன்றாவதை எழுதினேன், எழுதிவிட்டுத் தாண்டிப் போனேன். இதைத் திரும்ப வாசிக்கும்போது எனக்கே கன்னத்தில் போட வேண்டும் போலிருக்கிறது.)

ஒக்டோபர் 18, இரவு 11.30

எல்லாவற்றையும் வெளியே எடுத்தேன். போர்ட் வந்த காட்போட் பெட்டியின் மேலேயே போர்டை வைத்து, சிபியூ, கூலர், ஒரே ஒரு ராம், இரண்டு பவர் வயர், மொனிட்டர். 5600ஜிக்குள்ளேயே கிராஃபிக்ஸ் இருப்பதால் கார்ட் தேவையில்லை. பட்டன் இல்லையே, ஆகவே பவர் சுவிட்ச் என்று எழுதிய இரண்டு பின்னை ஸ்க்ரூ ட்ரைவர் நுனியால் தொட்டேன்.

ஓடியது.

ஓடியது என்றால், கூலர் ஃபேன் சுற்றி, போர்டின் நாலு லைட்டில் ஒன்று மாறி ஒன்று எரிந்து அணைந்து, மொனிட்டரில் பயோஸ் படம். அம்மா சாமத்தில் எழும்பி வந்து, மேசையில் பெட்டிக்கு மேல் குடலைப் பரப்பி வைத்த மாதிரிக் கிடப்பதைப் பார்த்துவிட்டு, "இதுக்குத்தானா இவ்வளவு காசு?" என்று கேட்டுவிட்டுப் போனா.

இனி எல்லாம் நல்லது என்று அதே கையோடு கேசிங்கில் திரும்பப் பூட்டினேன். ஒரு மணித்தியாலம். நிமிர்த்தி மேசைக்குக் கீழே வைத்து, பிளக்கைக் குத்தி, பட்டனை அழுத்தினேன்.

ஒன்றுமில்லை. நேற்றைய மாதிரியே, பிணம்.

படுக்கப் போகிறேன்.

ஒக்டோபர் 19, காலை 7.45

பதினொரு பேர் எழுதியிருக்கிறீர்கள், அதில் ஒன்பது பேர் ஒரே விஷயம். பித்தளைக் கால். அதாவது கேசிங்கில் போர்டைத் தாங்குகிற அந்தச் சின்ன அறுகோணக் கால்கள். போர்டில் ஓட்டை இல்லாத இடத்தில் ஒரு கால் நின்றால், அது போர்டின் முதுகில் உள்ள ஈயப் புள்ளிகளில் முட்டி ஷொர்ட் ஆகும், பவர் சப்ளை தன்னைக் காப்பாற்ற உடனே நின்றுவிடும். வெளியே ஓடுகிறது, உள்ளே ஓடவில்லை என்றால் முதல் சந்தேகம் அதுதான். கேசிங் பழையது, முன்பு வேறு போர்ட் இருந்தது. ஓம், ஓம், நியாயம். தேத்தண்ணி குடித்துவிட்டுக் கழற்றுகிறேன்.

ஸ்டாட்டிக் பட்டி (உடம்பில் சேரும் நிலைமின்சாரத்தை இறக்கும் பட்டி) கையில் கட்டினீரா என்று கேட்ட தம்பிக்கு: ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி, நடுவில் நாங்கள். இந்த ஈரக் காற்றில் ஸ்டாட்டிக் பிடிப்பது கஷ்டம். ஆனியில் ஆடியில் காய்ந்த கச்சான் காற்று அடிக்கும்போது வேண்டுமென்றால் பயப்படலாம். இங்கே எனக்கு உப்புக் காற்றுத்தான் பயம், இரண்டு வருடத்தில் செப்பெல்லாம் பச்சையாகிவிடும். (ஆனாலும் கேசிங் இரும்பைத் தொட்டுவிட்டுத்தான் போர்டைத் தொடுவேன்.)

ஒக்டோபர் 19, காலை 10.20

பிடித்துவிட்டேன்!! ஒரு கால் மேலதிகமாக நிற்கிறது. என் போர்டில் அந்த இடத்தில் ஓட்டையே இல்லை. குறட்டால் திருகிக் கழற்றி, போர்டைத் திரும்ப வைத்து, கேசிங்கை மேசையில் படுக்கப்போட்டபடியே பட்டனை அழுத்தினேன். முதல் அழுத்தலிலேயே ஓடியது. பயோஸில் இருந்து எழுதுகிறேன், அதாவது பயோஸைப் பார்த்துக்கொண்டு ஃபோனில் எழுதுகிறேன்.

ஒன்பது பேருக்கும் ஆளுக்கொரு தொதல் துண்டு. விஷயம் முடிந்தது.

ஒக்டோபர் 19, காலை 10.45

முடியவில்லை.

ஓடிக்கொண்டிருக்கும்போதே நிமிர்த்திக் கீழே வைத்தேன். கதிரையை இழுத்து உட்கார முன் நின்றுவிட்டது. பட்டனை அழுத்தினால் மறுபடி பிணம். படுக்கப்போட்டு அழுத்தினால் ஓடுகிறது. நிமிர்த்தினால் நிற்கிறது.

மச்சான் சொல்கிறான், "அதுக்கும் உன்னப் போல படுத்துக் கிடக்கத்தான் விருப்பம்."

ஒக்டோபர் 19, பகல் 12.30

லூஸ் கொனெக்ஷன் என்கிறீர்கள். ஒவ்வொரு வயராக அழுத்திப் பார்த்தேன். கூலரின் பாரம் போர்டை வளைக்கிறது என்கிறார் ஒருவர். பெட்டியோடு வந்த சின்னக் கூலர், அது எதையும் வளைக்காது. கூலரைக் கழற்றிப் பூட்டுங்கள் என்கிறார் இன்னொருவர். அதற்கு மட்டும் நான் அவசரப்பட மாட்டேன். என்னுடையது ஏ.எம்.4 சொக்கெட் சிபியூ, அதில் 1331 பின், எல்லாம் சிபியூவின் அடியில். சிபியூவுக்கும் கூலருக்கும் இடையில் பூசும் பேஸ்ட் இறுகியிருக்கும்போது கூலரை நேரே மேலே இழுத்தால், பூட்டியிருக்கும் சொக்கெட்டிலிருந்து சிபியூவும் கூடவே பிடுங்கிக்கொண்டு வரும். ஒருமுறை வந்திருக்கிறது. வளைந்த பின்களைச் சவர அலகால் ஒவ்வொன்றாக நிமிர்த்திய இரவு ஞாபகம் இருக்கிறது. கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடாக்கி, நிற்பாட்டி, பக்கவாட்டில் திருகித்தான் எடுக்க வேண்டும்.

இப்போது பவர் சப்ளை மெல்லிசாக ஒரு கீச்சுக் குரலும் கொடுக்கிறது. அது கொயில் சத்தம், பழுது இல்லை. மட்டக்களப்பில் மீனே பாடும்போது பவர் சப்ளை பாடினால் என்ன.

ஒக்டோபர் 19, பின்னேரம் 4.50

தொழில் கைகொடுத்த இடம் இது. கமராவை ஸ்டாண்டில் வைத்து, கேசிங்கைப் படுக்கையில் ஓடவிட்டு, நிமிர்த்துவதைப் படம் பிடித்தேன். மூன்று தரம். பிறகு லப்டொப்பில் போட்டு ஃபிரேம் எண்ணினேன். 25 ஃபிரேம் ஒரு செகண்ட். கேசிங் நேராக நின்ற ஃபிரேமிலிருந்து ஃபேன் லைட் அணையும் ஃபிரேம் வரை முதல் தரம் 104, இரண்டாம் தரம் 102, மூன்றாம் தரம் 103.

லூஸ் கொனெக்ஷன் இப்படி மணிக்கூடு பார்த்து நிற்காது. ஷொர்ட் என்றால் நிமிர்த்திய அந்த இமைப்பிலேயே போய்விடும், நாலு செகண்ட் காத்திருக்காது. நாலு செகண்ட் என்பது எங்கேயோ கேட்ட கணக்கு, ஆனால் பிடிபடவில்லை.

ஒக்டோபர் 19, பின்னேரம் 5.10

அக்கரைப்பற்றுத் தம்பி ஒருவர்: "அண்ணன், கம்பியூட்டர் ஹேங் ஆனா நாம பட்டன நாலு செகண்ட் அமத்திப் பிடிச்சுத்தானே நிப்பாட்டுறம்?"

இந்தப் பக்கத்திலேயே வயது குறைந்தவர் இவராகத்தான் இருப்பார்.

ஒக்டோபர் 19, இரவு 8.40

ஆறுதலாக எழுதுகிறேன், ஏனென்றால் இதை நானே இன்னொருமுறை பார்க்க வேண்டும்.

முன் பட்டனின் வயரைப் போர்டிலிருந்து கழற்றினேன். மல்டிமீட்டரை இரவல் வாங்கி வந்து, பீப் அடிக்கும் நிலையில் வைத்து, அந்த வயரின் இரண்டு முனையிலும் பிடித்தேன். பட்டனை அழுத்தினால்தான் பீப் வர வேண்டும். கேசிங் படுத்திருக்கும்போது அப்படித்தான். நிமிர்த்தினேன். பட்டனை யாரும் தொடவில்லை. பீ.....ப்.

பட்டன் தானாகவே அழுத்துப்பட்டு நிற்கிறது. ஏற்கெனவே அழுத்துப்பட்ட பட்டனை நான் இரண்டு நாளாக அழுத்தியிருக்கிறேன். விட்டு அழுத்தினால்தான் போர்டுக்கு அது செய்தி. விடாமலே இருந்தால் ஓடாத மெஷின் ஓடாது, ஓடுகிற மெஷின் நாலு செகண்டில் நிற்கும். இரண்டும் நடந்தது.

முன் பிளாஸ்டிக் முகப்பு ஐந்து கொக்கியில் நிற்கிறது. கழற்றி டொர்ச் அடித்தால், பட்டனுக்குப் பின்னால் ஒரு குளவிக் கூடு. நல்ல கெட்டி மண், கோதுடைத்த நிலக்கடலை அளவில் மூன்று அறை ஒன்றோடொன்று ஒட்டி. இரண்டு அறை முகப்பில் ஒட்டியிருக்கிறது. மூன்றாவது உடைந்து கழன்று, பட்டனின் தண்டுக்கும் அதன் மேல்தட்டுக்கும் இடையில் உருளுகிறது. படுக்கப்போட்டால் பின்னே உருண்டு பட்டனை விடுகிறது. நிமிர்த்தினால் கீழே விழுந்து தண்டில் குந்திக்கொள்கிறது. அறைக்குள் காய்ந்த சிலந்திக் கால்கள், குளவிக் குஞ்சுக்கு வைத்த சாப்பாடு. குஞ்சு எப்போதோ தின்று பறந்துவிட்டது, பக்கத்தில் வட்டமாக ஒரு ஓட்டை.

அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "குளவிக் கூட்டக் கலைக்காத மனே, வீட்டுக்கு நல்லது" என்றா. வீட்டுக்கு நல்லது, எனக்கு இல்லை. பழைய பல் பிரஷ்ஷால் சுரண்டி எடுத்துவிட்டேன்.

கரண்ட் போச்சு. மிச்சம் பிறகு.

ஒக்டோபர் 19, இரவு 10.15

கரண்ட் வந்தது. நிமிர்த்தி வைத்து அரை மணித்தியாலமாக ஓடுகிறது. விண்டோஸ் போடுகிறேன்.

பாக்கிக் கணக்கு. பித்தளைக் கால் குற்றவாளியா? போர்டின் முதுகைப் பார்த்தேன், அது முட்டிய இடத்தில் பச்சை வார்னிஷில் ஒரு வட்டத் தடம் இருக்கிறது, ஈயப் புள்ளி எதுவும் இல்லை. ஆகவே அது சும்மா நின்ற ஆள் என்றுதான் நினைக்கிறேன். காலையில் "ஓடியது" என்று நான் துள்ளியது கேசிங் படுத்திருந்ததால். ஒன்பது பேரின் தொதல் ரத்து. ஆனாலும் கழற்றியது சரிதான், இன்னொரு கேசிங்கில் அது போர்டையே தின்றிருக்கும். திரும்பப் பூட்டி உறுதிப்படுத்திப் பாருங்கள் என்று கேட்கிற நண்பருக்கு: உங்கள் போர்டை அனுப்புங்கள், பூட்டிப் பார்க்கிறேன்.

எனக்கு உறைப்பது வேறு. காட்போட் பெட்டியில் வைத்து ஸ்க்ரூ ட்ரைவரால் தொட்ட அதே வேலையை, கேசிங்குக்குள் பட்டன் வயரைக் கழற்றிவிட்டுச் செய்திருந்தால் முதல் இரவே தெரிந்திருக்கும். அரை நிமிட வேலை. அதை விட்டுவிட்டு 650 வாட் பவர் சப்ளையைத் தூக்கிக்கொண்டு ஒழுங்கையில் நடந்தேன்.

இதே பிரச்சினையில் ஸ்க்ரூ ட்ரைவரால் தொடப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு வழி உண்டு. ரீசெட் பட்டனின் வயரைக் கழற்றிப் பவர் பின்னில் கொழுவுங்கள். இரண்டும் ஒரே மாதிரி சுவிட்ச்தான், பக்கம் மாற்றிக் குத்தினாலும் பரவாயில்லை. லைட் வயருக்குத்தான் கூட்டல் கழித்தல் பார்க்க வேண்டும். ரீசெட் பட்டன் இறுகி நின்றாலும் மெஷின் எழும்பாது, அதையும் கழற்றிவிட்டுப் பாருங்கள்.

ஒக்டோபர் 21, காலை 8.00

கல்யாண வீடியோ ரெண்டர் ஆகிறது. லப்டொப்பில் இரவு முழுக்க ஓடியது இங்கே சாப்பிட்டு முடிய முடிகிறது. இரண்டு வீட்டுக்காரரும் கோல் எடுப்பதை நிறுத்தவில்லை, இப்போது பாட்டு மாற்ற வேண்டுமாம்.

ஒக்டோபர் 26, இரவு 7.30

இதை முடித்துவிட்டேன் என்று நினைத்தேன், ஒரு வால் வந்திருக்கிறது.

செங்கலடிக்குப் போனபோது பெரியப்பாவிடம் குளவிக் கதையைச் சொன்னேன். சாய்மனைக் கதிரையில் இருந்தபடி கேட்டுக்கொண்டிருந்தவர் மெல்ல நிமிர்ந்தார். அவருடைய கம்பியூட்டர் அந்தக் கேசிங்கில் இருந்த காலத்தில், இரண்டு மாதம் திருகோணமலையில் மகள் வீட்டில் நின்றுவிட்டு வந்து பட்டனை அழுத்தினாராம், ஓன் ஆகவில்லையாம். ஒருவர் வந்து பார்த்துவிட்டு, பவர் சப்ளை போயிற்று, போர்டும் போயிருக்கும், புதிசு வாங்குங்க என்றாராம். மூன்று வருடமாக அவர் பேப்பரில்தான் கணக்கு எழுதுகிறார்.

சாமான்களை எறிந்தீர்களா என்று கேட்டேன். பெரியம்மா ஸ்டோர் ரூமுக்குள் போய் ஒரு உரப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தா. போர்ட், ராம், ஹார்ட் டிஸ்க், பவர் சப்ளை, எல்லாம் பழைய தினசரியில் சுற்றி. கோர் 2 டுவோ, டிடிஆர்2, எல்லாவற்றின் மேலும் ஒரு விரல் ஊத்தை.

நேற்றுப் பிரஷ் பிடித்துத் தூசு தட்டி, ஒரு சீஆர்2032 பட்டரி புதிதாகப் போட்டு, அதே காட்போட் பெட்டியின் மேல் வைத்து, அதே ஸ்க்ரூ ட்ரைவரால் தொட்டேன். கத்தும் பவர் சப்ளை, கிரைண்டர் மாதிரித்தான். ஒரு பீப். தேதி பிழை, எஃப்1 அழுத்து என்று திரையில் வந்தது. அழுத்தினேன். கொஞ்ச நேரம் முனகிவிட்டு விண்டோஸ் எக்ஸ்பியின் பச்சை மலை வந்தது, அதன் மேல் பெரியப்பாவின் நெல்லுக் கணக்கு ஃபைல்கள்.

வீடியோ எடுத்து அனுப்பினேன். உடனே கோல் வந்தது.

"ஓடுதா மனே?"

"ஓம் பெரியப்பா, நல்லா ஓடுது."

கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"அப்ப என்ட கேசிங்கக் கொண்டு வந்து தா."